நல்லான் பன்னிரண்டு

கையில் பை வைத்துக்கொண்டு வருகிற ஆளை வேம்பு நம்புவதில்லை. பை என்றால் உள்ளே காகிதம் இருக்கும், காகிதம் இருந்தால் பின்னாலேயே மைப்பெட்டி வரும். அவள் புருஷன் உயிரோடிருந்த காலத்தில் பண்ணைக் காரியக்காரர் ஒருநாள் வந்து, அம்மை குத்தியதற்கு அத்தாட்சி என்று சொல்லி அவன் கட்டைவிரலை உருட்டிக்கொண்டு போனார். இரண்டு வருஷம் கழித்து அந்தக் காகிதம் கோர்ட்டில் வெளியே வந்தபோது, ‘பண்ணையின் தயவில் குடியிருக்கிறேன், சொன்ன அன்றைக்கே குடிசையைப் பிரித்துக்கொண்டு போய்விடுகிறேன்’ என்று அதில் எழுதியிருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. வழக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆகவே புரட்டாசி மாதத்தில் ஒரு காலை, எருக்கங்குடி கீழத்தெருவுக்குள் ஜீப் நுழைந்து, அதிலிருந்து ஒரே ஆள் மூன்று பைகளோடு இறங்கியபோது, கூரை மேல் உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த வேம்பு முதலில் செய்த காரியம், கட்டைவிரல் இரண்டையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டதுதான்.

கீழத்தெருவில் செங்கல்லால் கட்டியது என்று சொல்ல அந்த ஒரு கூடம்தான் இருந்தது. வாய்க்காலை ஒட்டிக் கொட்டடி மேடு என்று ஒரு மேடு. மேட்டின் மேல் கூடம். சுற்றி இருபத்தேழு குடிசைகள். அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பாதிரியார் அதில் ஜெபக்கூடம் வைத்திருந்தார். அவர் சீமைக்குத் திரும்பிய பிறகு, நாகூருக்கு நடந்துபோன பக்கிரி ஒருவர் மழைக்கு ஒதுங்கினார். ஒதுங்கியவர் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் ஊதுபத்தி மணக்கும், பிள்ளைகளுக்குச் சர்க்கரை கிடைக்கும். அவரும் காலமாகி, பிறகு காலரா வந்த வருஷத்தில் ஜனங்கள் பிடாரியம்மனை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். தெருக்காரர்களுக்கு இதில் பெரிய கதை ஒன்றும் இருந்ததில்லை. சாமி எதுவானாலும் கூரை ஒன்றுதானே. வாய்க்கால் உடைத்துக்கொண்டால் இருபத்தேழு குடும்பமும் ஆடு கோழியோடு அதற்குள்தான் ஏறும்.

போன வருஷ வெள்ளத்தில் மூன்று நாள் அப்படி இருந்தார்கள். வடக்கு மூலை ஒழுகியது. காய்ச்சலோடு கிடந்த வேம்புவின் தங்கை மகளை எங்கே நகர்த்திப் போட்டாலும் ஒழுகல் தேடி வந்தது. மூன்றாம் நாள் குழந்தை அடங்கிவிட்டது. அதற்காகத்தான் இந்த வருஷம் குறுவை அறுப்புக் கூலியில் வீட்டுக்கு வீடு நெல் ஒதுக்கி, ஓடு வாங்கி, வடக்கு மூலையைப் பிரித்திருந்தார்கள்.

ஜீப்பில் வந்தவர் பெயர் இளையபெருமாள். சமயம் மாறிய தொன்மைக் கட்டடங்கள் காப்பு வாரியத்தின் ஆய்வாளர் என்று தன்னை அறிவித்துக்கொண்டார். அப்படி ஒரு வாரியம் இருப்பது அதுவரை எருக்கங்குடிக்குத் தெரியாது. வாரியத்துக்கு எருக்கங்குடி தெரிந்திருந்தது எப்படி என்பதுதான் வேம்புவின் மனத்தில் முதலில் விழுந்த முள்.

கூடத்துச் சாவி யாரிடம் என்று கேட்டார். அவளிடம்தான் இருந்தது. அவர் படிவத்தை எடுத்தார். மனிதர்கள் மதம் மாறினால் நிரப்புவதற்காக அச்சடித்த படிவத்தில், ‘நபர்’ என்ற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுக் ‘கட்டடம்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். கட்டடத்தின் தகப்பனார் பெயர், கட்டடம் மாறியபோது அதற்கு வயது பூர்த்தியாகியிருந்ததா, மாறிய பிறகு புதுப் பெயர் சூட்டிக்கொண்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவள் விழித்த இடத்திலெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

“இந்தக் கட்டடம் மனசார மாறிச்சா, இல்ல யாராவது ஆசை காட்டி மாத்தினாங்களா?”

“செங்கல்லுக்கு யாருங்க ஆசை காட்டுவா?”

‘சாட்சி சொல்லத் தயங்குகிறார்’ என்று எழுதிக்கொண்டார் இளையபெருமாள். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்து, மேலே இருந்த ஆட்களை இறங்கச் சொன்னார். ஜெபக்கூடமாக, பக்கிரி இடமாக, பிடாரி கோயிலாக என்று இந்தக் கட்டடம் மூன்று தடவை மாறியிருக்கிறது, மாவட்டத்திலேயே இப்படி ஒன்று அபூர்வம், ஆகவே இனிமேல் இது மாறவே கூடாது என்று நிதானமாக விளக்கினார். பிரித்த ஓட்டையாவது மூடிக்கொள்கிறோம் என்று வேம்பு கெஞ்சினாள். ஓட்டை இருந்த நிலையில்தான் வாரியம் கட்டடத்தைப் பார்த்தது. மூடினால் அது நாலாவது மாற்றமாகிவிடும் என்றார். மழை வருமே என்றாள். மழை மேலேயிருந்து வருவது, அது வாரியத்தின் வரம்புக்குள் இல்லை என்றார்.

அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு அம்மனைக் கும்பிட்டுக்கொண்டுதான் போனார். ஆனால் ஜீப் தெருமுனை திரும்பியபோது பண்ணையாள் ஒருவன் ஓடிவந்து அவருக்குச் செம்பு நிறைய மோர் கொடுத்ததை வேம்பு பார்த்துவிட்டாள். மிராசுதார் பஞ்சநதத்தின் வீட்டு மோர், காரணம் இல்லாமல் தெருமுனை தாண்டி வந்து அவள் பார்த்ததில்லை.

சாயங்காலம் சங்கத்து வீரையனிடம் சொன்னாள். வீரையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவன். நாலு வருஷத்தில் மூன்று தடவை ஜெயில் பார்த்தவன். அவன் நன்னிலம் போய் விசாரித்துக்கொண்டு வந்தான். உச்சவரம்புச் சட்டம் வந்த நாளிலிருந்து பஞ்சநதத்தின் நிலம் ஓடி ஒளிய இடம் தேடிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். செத்துப்போன அத்தை பிரகதாம்பாள் பேரில் ஏழு ஏக்கர், இன்னும் பிறக்காத பேரன் பேரில் ஐந்து ஏக்கர், வண்டிக்காரன் பேரில் அவனுக்கே தெரியாமல் நாலு ஏக்கர். இப்போது புதிதாக ஒரு வழி கிடைத்திருந்தது. வாரியம் காப்பாற்றுகிற கட்டடத்துக்குப் பராமரிப்பு மானியமாக எவ்வளவு நிலம் எழுதி வைத்தாலும் உச்சவரம்பு அதைத் தொடாது. கட்டடத்தை முதலில் கட்டியவர் யாரோ அவருடைய வாரிசுதான் பரம்பரைக் காப்பாளர். கட்டடத்தைச் சுற்றியுள்ள இடமும் காப்பாளர் கைக்கு வரும்.

“சுத்தி உள்ள எடம்னா?” என்று வேம்பு கேட்டாள்.

“மூணு ஏக்கர், அக்கா. நம்ம இருவத்தேழு குடிசையும் அதுக்குள்ளதான்.”

குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்து இரண்டு வருஷமாக அவர்கள் பட்டாவுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பஞ்சநதம் தன் இடம் என்று நடக்கிற பழைய வழக்கைக் காட்டி அதை நிறுத்தி வைத்திருந்தார். இப்போது சாமி பேரால் வருகிறார் என்று வேம்புவுக்குப் புரிந்தது. எந்தச் சாமி என்பதுதான் புரியவில்லை.

அடுத்த வாரம் வாரியத் தலைவர் தியாகராசன் நேரிலேயே வந்தார். அவர் மூன்று வாரியங்களுக்கும் ஒரு கூட்டுறவு ஆலைக்கும் தலைவர். மேட்டில் பந்தல் போட்டார்கள். பந்தல் பண்ணையுடையது, நாற்காலி பண்ணையுடையது, சோடாவும் பண்ணையுடையது. உரிமைக்காரர்கள் என்று சொல்லி நன்னிலம் சாலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் மூஸாவையும், பக்கத்து ஊர் உபதேசியாரையும் ஜீப் அனுப்பி அழைத்து வந்திருந்தார்கள். மூஸா, அந்தப் பக்கிரி யாரென்றே தங்கள் ஜமாத்தில் யாருக்கும் தெரியாது, கும்பிட நாகூர் இருக்கிறது, கடையில் ஆள் இல்லை, போகலாமா என்று கேட்டார். ‘இசுலாமியர் தரப்பு அடக்கத்துடன் உரிமை கோரியது’ என்று குறிப்பேட்டில் ஏறியது. உபதேசியார் தாம் பிறப்பதற்கு முன்பே அந்தச் சபை கலைந்துபோனதாகச் சொன்னார். ‘கிறித்தவர் தரப்பு தொன்மையை வலியுறுத்தியது’ என்று அதற்குக் கீழே ஏறியது.

பிறகு தலைவர் பேசினார்.

“கல்லிலே கலை உண்டு. கலையிலே காலம் உண்டு. காலத்தைக் காப்பது நம் கடமை. ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று இங்கே ஓர் அம்மையார் ஓலமிட்டார். ஒழுகட்டும் என்கிறேன் நான். ஓட்டை வழியாக உள்ளே வருவது மழையல்ல, மரபு. அந்த மரபில் நனைகிற பேறு இந்தத் தெருவுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.”

பந்தலுக்குள் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பந்தலுக்கு வெளியே இருந்தவர்களும் தட்டினார்கள், தட்டாவிட்டால் என்ன ஆகுமோ என்று. வேம்பு தட்டவில்லை. அவளுடைய கட்டைவிரல் இரண்டும் இன்னும் உள்ளேதான் இருந்தன.

ஜீப்பில் ஏறப்போன இளையபெருமாளை அவள் தனியாகப் பிடித்து ஒன்று கேட்டாள். சாமியே இல்லாத கட்டடம் என்றால் வாரியம் வருமா? அவர் யோசித்தார். வராது, ஒரு சமயத்திலிருந்து இன்னொரு சமயத்துக்கு மாறியதுதான் எங்கள் கணக்கு, சமயமே இல்லை என்றால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்.

வீரையனுக்கு அது பிடித்துப்போயிற்று. இரண்டு நாளில் கூடம் பகுத்தறிவுப் படிப்பகம் ஆகிவிட்டது. வேம்பு பிடாரியிடம், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளடி ஆத்தா, கூரை போட்டதும் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி அழுதுவிட்டு, தானே தூக்கிக்கொண்டு போய்ப் புன்னை மரத்தடியில் வைத்தாள். உள்ளே பழைய நாளிதழ்கள், ஒரு பெஞ்சு, பகுத்தறிவுத் தலைவர் ஒருவரின் படம். படம் வெறுமனே இருக்கிறதே என்று யாரோ ஒரு மாலையும் போட்டுவிட்டார்கள்.

வாரியம் அவசரக் கூட்டம் கூட்டியது. கூட்டத்தில் நடந்ததை இளையபெருமாளே பிறகு வந்து வருத்தத்தோடு சொன்னார். படம் இருக்கிறது, மாலை இருக்கிறது, ஆண்டு விழா உண்டு, ஊர்வலம் உண்டு, ரசீது இல்லாத வசூலும் உண்டு. சமயத்துக்கு வேண்டிய இலக்கணம் எல்லாம் பொருந்துகிறது என்று உறுப்பினர்கள் சுட்டிக்காட்டினார்களாம். ஓர் உறுப்பினர் மட்டும் ஆட்சேபித்தபோது தலைவர் எழுந்து, “நான் முப்பது வருடமாகப் பகுத்தறிவாளன். காலையில் படத்துக்குப் பூ வைக்காமல் காபியைத் தொடமாட்டேன். இது சமயம்தான் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்” என்றாராம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கட்டடம் நாலாவது தடவையாக மாறியிருக்கிறது என்று பதிவாயிற்று. மூன்று மாற்றம் வரைக்கும் இரண்டாம் வகுப்பு. நான்கு என்றால் முதல் வகுப்பு. முதல் வகுப்புக் கட்டடத்துக்குச் சுவரைச் சுரண்டிப் பார்க்க நிதி உண்டு.

“கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்மா நீங்க” என்றார் இளையபெருமாள்.

ஐப்பசி பிறக்க ஒரு வாரம் இருந்தது. வானம் தெற்கே கறுத்துக் கறுத்துக் கலைந்துகொண்டிருந்தது. நாலு ஆட்கள் சின்னக் கரண்டிகளோடு வந்து சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார்கள். மேலே எண்ணெய்ப் புகை. அதற்குக் கீழே பக்கிரி காலத்துப் பச்சைச் சுண்ணாம்பு. அதற்கும் கீழே பாதிரியார் அடித்த வெள்ளை, அதில் நீலத்தில் ஒரு சிலுவை. வெள்ளைக்கும் கீழே வெறும் காரை வந்தது. அந்தக் காரையில், ஒரு பெரிய இரும்பு வளையத்துக்கு அடியில், ஆணியால் கீறிய எழுத்துகள் இருந்தன.

இளையபெருமாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். நல்லான் பன்னிரண்டு. மூக்கன் எட்டு. கருப்பாயி மகன் இருபது. சின்னாள் ஆறு. மறுபடியும் நல்லான் பன்னிரண்டு. இப்படியே முப்பதுக்கு மேல் பெயர்கள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கொடையாளர் பட்டியல் என்றார். ஏழை உழவர்கள் கலம் கலமாக நெல் கொட்டிக் கொடுத்து எழுப்பிய கோயில் இது. வளையம் தூங்காவிளக்கு மாட்டியது. மேட்டின் பெயரைப் பாருங்கள், கொட்டு அடித்த இடம்தான் கொட்டடி ஆயிற்று, மூன்று கால பூஜைக்கு மேளம் முழங்கியிருக்கிறது என்றார். செய்தி போன வேகத்தில் பஞ்சநதம் வந்துவிட்டார். பட்டியலைத் தடவிப் பார்த்தார். தன் தாத்தா ஒரு கோயில் கட்டியதாகத் தகப்பனார் சொல்லக் கேட்டிருப்பதாகவும், எந்த இடம் என்பதுதான் இத்தனை நாள் தெரியாமல் இருந்ததாகவும் சொன்னார். எல்லோரும் இருக்கும்போதே, ஆள்காரர்கள் மேல் தாத்தாவுக்கு அவ்வளவு பிரியம் என்று சொல்லி வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வேம்பு சாணிக் கூடையோடு வாசலில் நின்றிருந்தாள். நல்லான் என்ற பெயரில் அந்தத் தெருவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவளுடைய அம்மாவைப் பெற்றவர். அவளுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அவரைப் பற்றி அம்மா சொன்னது ஒன்றுதான்: ஆயுசு முழுக்க அவர் மல்லாந்து படுத்ததில்லை.

அப்படிப்பட்டவர் பன்னிரண்டு கலம் நெல் கொடுத்தாரா? ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை? சின்னாள் என்ற பெண்பிள்ளைக்கு ஆறு கலம் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்துப் பண்ணையாளுக்குக் கலத்தைக் கண்ணால் பார்க்கத்தான் வாய்க்கும்.

மத்தியானம் எல்லோரும் பண்ணை வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரத்தில் அவள் உள்ளே போனாள். விளக்கு மாட்டுகிற வளையம் என்றால் கூரைச் சட்டத்தில் இருக்கவேண்டும். இது சுவரில் இருந்தது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கையைத் தூக்கினாள். இரண்டு மணிக்கட்டும் வளையத்தில் சரியாகப் போய் நின்றன. முகம் சுவரில் ஒட்டியது. முதுகு முழுக்கக் கூடத்துக்குத் தெரிந்தது. பிறகு கையை இறக்கிக்கொண்டு வெளியே வந்து, புன்னை மரத்தடியில் போய்ப் பிடாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீரையனிடம்கூட இதைச் சொல்லவில்லை. அவன் நல்லவன்தான், ஆனால் மேடை கண்டால் முந்திக்கொண்டு பேசிவிடுவான்.

ஐப்பசி நாலாம் தேதி பொது விசாரணை. தாசில்தாரும் வந்திருந்தார், நிலம் சம்பந்தப்பட்டது என்பதால். முந்தின நாள் பெய்த மழை கூடத்துக்குள் கணுக்கால் அளவு நின்றது. தலைவர் அதில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டார். வரைவு உத்தரவு படிக்கப்பட்டது. நிறுவியவரின் பேரன் பஞ்சநதம் பரம்பரைக் காப்பாளர். சுற்றியுள்ள மூன்று ஏக்கரும் கட்டடத்தின் எல்லை. தொன்மையின் அழகைக் கெடுக்கும் இருபத்தேழு குடிசைகளும் தை மாதத்துக்குள் அகற்றப்படும். ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டார்.

வீரையன் எழுந்திருக்கப் போனான். வேம்பு அவன் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

“ஐயா சொல்றது நெசந்தாங்க. அவங்க தாத்தாதான் இதைக் கட்டினாங்க.”

தெரு திகைத்துப்போயிற்று. வீரையன் அவளை அண்ணாந்து பார்த்தான். பஞ்சநதம் அதை உடனே பதிவு செய்யச் சொன்னார். இளையபெருமாள் பதிவு செய்தார். கீழத்தெரு மக்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று தலைவர் மகிழ்ந்து, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா அம்மையாரே என்றார்.

“அந்த நல்லான் எங்க அம்மாவைப் பெத்தவருங்க. பன்னெண்டுன்னு எழுதியிருக்கே, அது அவரு குடுத்தது இல்லீங்க. வாங்கினது.”

“எதை வாங்கினார்?”

“அடிங்க.”

அவள் பட்டியல் பக்கம் கையை நீட்டினாள்.

“இந்த வளையத்துல கைய மாட்டி வச்சு அடிச்சிருக்காங்க. காரியக்காரரு எண்ணி எழுதியிருக்காரு, கூடக் கொறையப் போயிடக்கூடாதுன்னு. நல்லான் பன்னெண்டு. கருப்பாயி மவன் இருவது. சின்னாளு பொம்பளைங்கறதால ஆறோட விட்டிருக்காங்க. கொட்டடின்னா மேளம் இல்லீங்க. அடைச்சு வைக்கிற கொட்டடி. பாதிரியாரு வந்து இதைக் கேட்டு வாங்கி, மொத வேலையா அது மேல வெள்ளை அடிச்சிருக்காரு.”

இளையபெருமாள் எழுந்து தண்ணீரில் நடந்து சுவரருகே போனார். வளையத்தைப் பார்த்தார். அதன் உயரத்தைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, தான் எழுதிய ‘கலம்’ என்ற சொல்லை ஒவ்வொரு வரியிலும் அடித்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அத்தோடு முடிந்துவிடும் என்றுதான் வேம்பு நினைத்தாள். ஆனால் வாரியம் அவ்வளவு சுலபத்தில் ஒரு முதல் வகுப்புக் கட்டடத்தைக் கைவிடுகிற வாரியம் அல்ல. தலைவர் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். புரட்டினார். முகம் மலர்ந்தது.

“விதி இரண்டைப் படிக்கிறேன். ஒருவர் நிமிர்ந்து நிற்க, மற்றொருவர் குனிந்து நிற்கும் முறைமை எதுவோ அது சமயம் எனப்படும். ஆக இதுவும் சமயமே. இந்தக் கட்டடம் நாலு முறை அல்ல, அஞ்சு முறை அடியெடுத்து வைத்திருக்கிறது. மாநிலத்திலேயே இதற்கு இணை கிடையாது.”

விதி பத்தொன்பதையும் அவர் படித்தார். கட்டடத்தில் முதன்முதல் நடந்த சடங்கு எதுவோ, அதை ஆண்டுக்கு ஒருமுறை பரம்பரைக் காப்பாளர் தம் கையாலேயே பொதுமக்கள் முன்னிலையில் நடத்திக் காட்டவேண்டும். தை மாதம் அமைச்சரை அழைத்து முதல் நிகழ்ச்சியை வைத்துக்கொள்ளலாம் என்றார். செய்திப்படம் எடுக்க ஆள் வருவார்கள், அயல்நாட்டுக்கும் போகும் என்றார். நல்லானுடைய வாரிசு யார் என்று கேட்டார்.

“நாந்தாங்க” என்றாள் வேம்பு.

“சடங்குக்குச் சம்மதமா?”

அவள் பஞ்சநதத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாக அவர் வயலில் நட்டிருக்கிறாள், களை பறித்திருக்கிறாள்; ஒரு தடவைகூட நேராகப் பார்த்ததில்லை. இதிலும் ஏதாவது சூது இருக்குமோ, சம்மதம் என்று சொன்னால் அதையே எழுதிக்கொண்டு நாளைக்கு வேறொன்றாகப் படிப்பார்களோ என்று ஒரு பக்கம் அரித்தது.

“சம்மதங்க. மந்திரி பாக்கட்டும், படம் புடிக்கட்டும். நான் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். அவங்க அடிக்கட்டும். பன்னெண்டுதான். எண்ணி அடிக்கணும்.”

பஞ்சநதத்தின் மூத்த மகன் அந்த வருஷம்தான் ஆளுங்கட்சியில் சேர்ந்து, சட்டசபைக்கு ஒரு இடம் கேட்டுக்கொண்டிருந்தான். வோட்டு முழுக்கக் கீழத்தெருக்களில் இருந்தது. பஞ்சநதம் சோடாவைக் கீழே வைத்தார். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றார். தாத்தா கட்டிய கோயில் வேறு எங்கேயோ இருக்கவேண்டும் என்றார். தலைவர் விடவில்லை, கீழத்தெரு மக்களே ஒப்புக்கொண்டு பதிவாகியிருக்கிறது, சுவரில் சான்று இருக்கிறது, இப்படி ஒரு பரம்பரைப் பெருமையை அடக்கத்தால் இழந்துவிடாதீர்கள் என்று வற்புறுத்தினார். அவர் வற்புறுத்த வற்புறுத்த, பஞ்சநதத்துக்கு வேர்த்தது. இந்தக் கட்டடத்துக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்றார். கட்டடம் நிற்கிற மேட்டுக்கும் சம்பந்தம் கிடையாது என்றார்.

அதுவரை வாயே திறக்காத தாசில்தார், வாயால் சொன்னால் செல்லாது, எழுத்தில் வேண்டும் என்றார்.

பஞ்சநதம் எழுதினார். வழக்கு நடத்திப் பழகிய கை என்பதால் ஓட்டை இல்லாமல் எழுதினார். கொட்டடி மேடு என்கிற மூன்று ஏக்கரையும் அதிலுள்ள கட்டடத்தையும் தானோ தன் முன்னோரோ எக்காலத்திலும் எவ்வகையிலும் அனுபவித்ததில்லை, உரிமை கோரியதில்லை, கோரியிருந்தால் அது பிழை, இனி கோரப்போவதும் இல்லை. நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்று வேண்டும் என்றான் வீரையன். தாசில்தார் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வாரியம் அரைமணி நேரம் தனியாகக் கூடிப் பேசியது. நிறுவியவர் என்று ஒருவர் இல்லாவிட்டால் கட்டடம் நிறுவப்படவில்லை என்றே கொள்ளவேண்டும். நிறுவப்படாத கட்டடத்தை வாரியம் காப்பதற்கு விதியில் இடமில்லை என்று தலைவர் கனத்த குரலில் அறிவித்தார். குத்தாலம் பக்கம் ஒரு மண்டபம் இரண்டு தடவை மாறியிருப்பதாகத் தகவல் வந்திருந்தது. ஜீப் அங்கே போயிற்று. இளையபெருமாள் மட்டும் ஏறுவதற்கு முன் திரும்பி வந்து, சீக்கிரம் ஓடு போடுங்கம்மா, பெரிய மழை வருதுன்னு ரேடியோவுல சொல்றான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இல்லாத கட்டடத்துக்குத் தெரு முழுக்க இரண்டு நாள் நின்று ஓடு வேய்ந்தது. படிப்பகத்துப் பெஞ்சை மழைக்கு ஒதுங்குகிற கிழவர்களுக்காக விட்டுவைத்து, பிடாரியை உள்ளே அழைத்தார்கள். சுண்ணாம்பு அடிக்கும்போது பட்டியல் இருந்த இடத்துக்கு மட்டை போனதும், அதை மட்டும் விட்டுவிடும்படி வேம்பு சொல்லிவிட்டாள்.

நகலை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. பட்டாவுக்கு மனுவோடு சேர்க்கவேண்டும் என்று வீரையன் கேட்டபோது, முதலில் அதில் என்ன இருக்கிறது என்று படி என்றாள். அவன் படித்தான். பிறகு அவனுக்குத் தெரியாமல் மூஸாவின் கடைக்குப் போய் அவரைப் படிக்கச் சொன்னாள். மூஸாவுக்குத் தெரியாமல் உபதேசியாரிடம் போனாள். மூவரும் ஒரே மாதிரி படித்தார்கள். மூன்று பேரும் இந்த விவகாரத்தில் வந்துபோனவர்கள், பேசிவைத்துக்கொண்டு படித்திருக்கலாம் என்று தோன்றியது. நன்னிலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வேதாரண்யம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு உப்பு வியாபாரியைப் பிடித்தாள். முன்னே பின்னே பார்த்திராத ஆள். அவரும் அதையேதான் படித்தார். நல்ல காகிதம்மா, பத்திரமா வச்சுக்க என்றார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அவளுக்கு உறுத்தியது.

திரும்பி வந்து தெருமுனையில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் செம்மண் நிறத்தில் நுரைத்து ஓடியது. அவள் காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். தங்கையும் இன்னும் நாலைந்து பேரும் உள்ளே வந்திருந்தார்கள். வேம்பு ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் வடக்கு மூலைக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். மேலே மழை இரைந்துகொண்டிருந்தது. சட்டம் காய்ந்திருந்தது, சுவர் காய்ந்திருந்தது. உள்ளங்கையை விரித்து நீட்டினாள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

ஒழுகவில்லை, வந்து உட்காரு அக்கா என்று தங்கை கூப்பிட்டாள். எதற்கும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிடலாம் என்று வேம்பு கையை நீட்டியபடியே நின்றாள்.